தனிமையை நாடிய குணங்குடியார்

அல்லாஹுத் தஆலா மனிதர்களை ஒரே அச்சில் வார்த்தெடுக்கவில்லை. ஒருவர் நாலு பேர் கூடிய இடத்தில்தான் மலர்வார். பேசப் பேச அவருக்கு உற்சாகம் பெருகும். மற்றொருவர் அதே இடத்தில் அரை நாழிகை இருந்தாலும் வாடிவிடுவார். வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்ட பின்னரே அவருக்கு மூச்சு சீராக வரும். இருவரும் அவனுடைய படைப்பே. ஆயினும் முன்னவரைக் கெட்டிக்காரர் என்றும் பின்னவரை உலகம் தெரியாதவர் என்றும் தீர்ப்புக் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

அன்பிற்குரிய வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் இத்தகைய பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். நிக்காஹ் வீட்டில் அனைவரும் கூடிச் சிரிக்கையில் அது மூலையில் ஒதுங்கி நிற்கும். உறவினர் வந்தால் ஸலாம் கூறிவிட்டு உள்ளே போய்விடும். ஓதச் சொன்னால் அழகாக ஓதும், பேசச் சொன்னால் திணறும். அல்லது அந்தப் பிள்ளை வளர்ந்து, இன்று குடும்பத் தலைவராகவோ தலைவியாகவோ நீங்களே இருக்கக்கூடும். கடையில் வாடிக்கையாளரிடமும், ஜமாஅத் கூட்டத்திலும், உறவினர் வீட்டுக் காரியங்களிலும் தமக்கு இயல்பில்லாத கலகலப்பை வரவழைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் பிறருக்காக ஒரு முகத்தைச் சுமந்து, முடிவில் ஒரு நாள் உள்ளம் வறண்டு, உண்ணவும் உறங்கவும் தொழுகையில் மனமொன்றி நிற்கவும் தென்பின்றிப் போனவர்களை நாம் காண்கிறோம். ஈமான் குறைந்துவிட்டது என்று அவர்களை நோக்கிச் சொல்லிவிடுவது எளிது. அந்த ஒரு சொல் அவர்களை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த நிலைக்கு மருந்து தேடுவோர் தூர தேசம் போக வேண்டியதில்லை. நம் இராமநாதபுரம் சீமையிலேயே பிறந்து, தம் இயல்பை மறைக்காமல் வாழ்ந்து, தனிமையில் தேடியதைத் தமிழுலகத்துக்கு வாரி வழங்கிய ஒரு மகானின் வாழ்வு நம் கண்முன் இருக்கிறது. அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள்.

சேதுச் சீமையின் பிள்ளை

தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அன்னார் தோன்றினார்கள். பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. மார்க்கப் பற்றும் தமிழறிவும் நிறைந்த குடும்பம் அது.

அன்னார் பிள்ளைப் பிராயத்தைக் கழித்த காலம் அமைதியான காலமன்று. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதி அரசுரிமை பறிக்கப்பட்டுக் கும்பினியாரின் சிறையில் அடைபட்டார். 1799-இல் முதுகுளத்தூர், கமுதி, நம் அபிராமம் ஆகிய வட்டாரங்களில் கும்பினியாருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1803-இல் பழைய சேதுநாடு ஒரு ஜமீனாகச் சுருங்கியது. வாளோசையும் வரி வசூலும் நிறைந்த அக்காலத்தில், மனம் உள்நோக்கித் திரும்பிய ஒரு சிறுவர் இச்சீமையில் வளர்ந்து வந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிறுவரை மார்க்கக் கல்விக்காகக் கீழக்கரைக்கு அனுப்பினார்கள். கடல் வாணிபத்தால் செழித்திருந்த அந்தப் பட்டினத்தில், தைக்கா சாகிபு என்று மக்கள் அன்போடு அழைத்த ஷைகு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் அவர் ஓதினார். அரபும் மார்க்கச் சட்டமும் அங்கே கைவந்தன. தமிழிலும் ஆழ்ந்த புலமை உண்டாயிற்று.

ஓர் ஆசான், இரு மாணாக்கர்

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். அதே தைக்கா சாகிபு அவர்களிடம் பிற்காலத்தில் ஓதி, அவர்களுக்கே மருமகனாரும் ஆனவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் செய்யிது முகம்மது ஆலிம் அவர்கள். 1816-இல் பிறந்து 1898-இல் மறைந்த அப்பெரியார், கீழக்கரையில் மதரஸா நடத்தினார்கள். இலங்கைக்குப் பயணம் செய்து ஊர் ஊராக மக்களைச் சந்தித்தார்கள். அரபிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் இயற்றினார்கள். பள்ளிவாசல்கள் எழக் காரணமாயிருந்தார்கள். மக்கள் கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டு மார்க்கத்துக்கு உழைத்த வாழ்வு அது.

குணங்குடியாரின் வாழ்வோ வேறு திசையில் சென்றது. அவர் கூட்டத்தை விட்டு விலகினார். மலையையும் தோப்பையும் காட்டையும் நாடினார். ஓர் ஆசானின் விளக்கிலிருந்து ஏற்றப்பட்ட இரு விளக்குகள். ஒன்று நடுக்கூடத்தில் எரிந்தது, மற்றது ஒதுக்குப்புறத்தில் எரிந்தது. இரண்டும் ஒளியே தந்தன. முன்னவரைக் குகைக்குள் இருத்தியிருந்தாலும், பின்னவரை ஊர்ப் பொறுப்பில் நிறுத்தியிருந்தாலும் சமுதாயம் இருவரையும் இழந்திருக்கும். நம் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, அவனைப் போல் நீ ஏன் இல்லை என்று கேட்கும் முன்னர் இந்த இருவரையும் நாம் நினைவுகூர வேண்டும்.

திருமணப் பேச்சும் புறப்பாடும்

இளமைப் பருவத்தில் தாய்மாமன் மகளை அவருக்கு மணமுடிக்கப் பெரியவர்கள் பேசினார்கள். அவர் இணங்கவில்லை, பற்றைத் துறந்து வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்று அன்னாரின் வரலாறு கூறுகிறது.

இந்த இடத்தில் ஓர் ஆலிம் என்ற முறையில் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. நம் மார்க்கத்தில் துறவறம் இல்லை. நிக்காஹ் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை. மணமே வேண்டாம், வணக்கமே போதும் என்று உறுதி பூண்ட ஒரு தோழரைப் பெருமானார் (ஸல்) திருத்தினார்கள் என்பதை நாம் ஹதீதுகளில் ஓதுகிறோம். எனவே குணங்குடியார் மணம் செய்யாததைப் பார்த்து நம் இளைஞர்களும் அவ்வாறே செய்யலாகாது. இறைக்காதலில் தம்மை மறந்த வலிமார்களின் தனி நிலைகள் பொதுமக்களுக்குச் சட்டமாகா.

ஆனால் இதே நிகழ்ச்சியில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்றும் இருக்கிறது. பெரியவர்களின் மனம் கோணக்கூடாது என்பதற்காக ஒரு பெண்ணை மணந்து, பின்னர் அவளை வாடவிட்டுத் தாம் மலையேறிப் போகவில்லை அவர். தம் நெஞ்சு எங்கே நிற்கிறது என்பதை முன்னதாகவே அறிந்து, அதை மறைக்காமல் நடந்துகொண்டார். மனைவி மக்களின் ஹக்கு தம் கழுத்தில் ஏறும் முன்னரே அவர் விலகினார். மணப்பேச்சில் வாயடைத்துத் தலையாட்டிவிட்டுப் பிறகு ஒரு குடும்பத்தையே துன்பத்தில் ஆழ்த்துகின்ற பிள்ளைகளையும், பிள்ளையின் மனத்தைக் கேளாமலே நாள் குறித்துவிடுகின்ற பெற்றோரையும் பார்க்கிற நமக்கு, உள்ளதை உள்ளபடி நடந்து காட்டிய அந்த நேர்மை அருமையாகத் தோன்றுகிறது.

அளவோடு கூடிய தனிமை

ஊரை விட்டுப் புறப்பட்டவர் மனம் போன போக்கில் அலையவில்லை. முதலில் ஒரு வழிகாட்டியைத் தேடினார். 1813-இல் திரிசிரபுரத்தில், அதாவது திருச்சிராப்பள்ளியில், மௌலவி ஷாம் சாகிபு அவர்களைக் கண்டு, காதிரிய்யா தரீக்காவில் அவர்களின் முரீதானார். இதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர், அதே திருச்சி அரசவையின் அலுவலை உதறிவிட்டுத் தாயுமானவர் நம் இராமநாதபுரத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. அவர் அங்கிருந்து இங்கு வந்தார். இவர் இங்கிருந்து அங்கு சென்றார். இருவரும் நாடியது ஓசை அடங்கிய ஓரிடத்தை.

குருவின் அனுமதியோடு குணங்குடியார் மதுரைக்கு அண்மையிலுள்ள திருப்பரங்குன்றத்தில், சிக்கந்தர் மலையில், 40 நாட்கள் கல்வத் இருந்தார்கள். பின்னர் அறந்தாங்கிக்கு அருகிலுள்ள கலகம் என்னும் ஊரிலும், தொண்டிப் பகுதியிலுள்ள வாழைத்தோப்பிலும் சில மாதங்கள் தனித்திருந்து தியானித்தார்கள். அதன் பின்னர் சதுரகிரி, நாகமலை, ஆனைமலை முதலான மலைகளில் சுற்றினார்கள். இவ்வாறு ஏழாண்டுகள் கழிந்தன என்பர்.

கல்வத் என்பது என்ன? அது வெறுமனே ஒளிந்துகொள்வதன்று. அதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. ஓர் இடம் உண்டு. நாள் கணக்கு உண்டு. ஓத வேண்டிய திக்ரு உண்டு. ஐவேளைத் தொழுகை உண்டு. முடிந்ததும் வெளியே வருதல் உண்டு. 40 என்னும் எண்ணுக்கு மூலம் நம் திருமறையிலேயே இருக்கிறது. நபி மூஸா (அலை) அவர்கள் தூர் மலையில் 40 இரவுகள் இருந்த வரலாற்றை நீங்கள் ஓதியிருப்பீர்கள். அவர்கள் மலைக்குச் செல்லும் முன் தம் சமுதாயத்தைச் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டே சென்றார்கள். விலகிச் செல்பவர் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்ற ஒழுங்கையும் அங்கே நாம் கற்றுக்கொள்கிறோம்.

நம் வறண்ட சீமையின் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பவள், இரண்டு குடம் இறைத்ததும் சற்றே அமர்ந்து காத்திருப்பாள். நீர் ஊறிய பிறகே மறு குடத்தை வைப்பாள். காத்திருக்கப் பொறுமையின்றி மேலும் மேலும் அள்ளினால் சேறுதான் வரும். அவள் சோம்பி உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் ஏசுவதில்லை. மனித உள்ளமும் அத்தகைய ஊற்றே. சிலருக்கு அது விரைவில் ஊறும்; சிலருக்கு மெல்ல ஊறும். மெல்ல ஊறும் உள்ளத்தை விரைந்து இறைத்தால் என்னவாகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது.

பக்தாதில் அடைபட்ட நாவு

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாதார் யார்? 1058-இல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த அவர்களை, அமைச்சர் நிஜாமுல் முல்க் 1091-இல் பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராக நியமித்தார். அப்போது அவர்களுக்கு வயது 33 அளவே. 300 மாணவர்கள் அவர்கள் முன் அமர்ந்து ஓதினார்கள். அரசவையில் மதிப்பு, அறிஞர் சபையில் வெற்றி, ஊரெங்கும் புகழ். அத்தனைக்கும் நடுவே ஓயாது நூல்களும் எழுதி வந்தார்கள்.

நான்காண்டுகள் சென்றன. 1095-இல் அவர்கள் தம் நெஞ்சைச் சோதித்தார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்று கேட்டுக்கொண்டபோது உள்ளிருந்து வந்த விடை அவர்களை நடுங்கச் செய்தது. விட்டுவிடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. ஆறு மாத காலம் இந்த இழுபறி நீடித்தது. கடைசியில் ஒரு நாள் பாடம் நடத்த அமர்ந்தபோது நாவு எழவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. உடல் மெலிந்தது. வைத்தியர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்தில் புகுந்த நோய், உள்ளம் ஆறினாலன்றி மருந்து பலிக்காது என்று கைவிட்டார்கள். இவை யாவும் அவர்களே தம் வாழ்க்கைக் குறிப்பாக எழுதிய அல்முன்கிது மினள்ளலால் என்னும் நூலில் காணப்படுபவை.

பிறகு அவர்கள் செய்தது என்ன? குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தம் இடத்தில் தம்பி அஹ்மது அவர்கள் பாடம் நடத்த ஏற்பாடாயிற்று. பின்னர் திமிஷ்கு நகரம் சென்று உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸுக்குச் சென்றார்கள்; ஹஜ்ஜும் செய்தார்கள். பின்னர் பிள்ளைகளின் நினைவு இழுக்கத் தாயகம் திரும்பி, அங்கும் இயன்றவரை தனிமையைப் பேணினார்கள். அந்தப் பத்தாண்டு அமைதியின் விளைவே இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல். 1106-இல் நீஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தார்கள். 1111-இல் தூஸ் நகரில் இறையடி சேர்ந்தார்கள்.

அந்த இஹ்யாவில் தனித்திருத்தலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மதரஸாக்களில் அதை ஓதியவர்கள் அறிவார்கள். தனிமையின் நன்மைகளையும், மக்களோடு கலந்து வாழ்வதன் நன்மைகளையும் இமாமவர்கள் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கிறார்கள். இது எல்லாருக்கும் நல்லது, அது எல்லாருக்கும் கெட்டது என்று ஒரேயடியாக அவர்கள் முடிவு கட்டவில்லை. ஆளையும் நிலைமையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். பட்டறிந்தவர் சொன்ன சொல் அது.

இமாமவர்களை நோய் வந்து விலக்கிற்று. குணங்குடியாரோ நோய் வரும் முன்னரே தம் இயல்பை உணர்ந்து விலகினார். இதுவே இரு வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு. முன்னதாக அறிந்துகொள்பவருக்கு இழப்புக் குறைவு.

இராயபுரத்து மஸ்தான்

பல மலைகளையும் ஊர்களையும் கடந்து குணங்குடியார் சென்னைப் பட்டணத்தின் வடபகுதியாகிய இராயபுரத்தை அடைந்தார்கள். முள்ளும் புதரும் மண்டிக் கிடந்த ஓரிடத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டார்கள். தோற்றத்தைப் பேணாமல், யாரிடமும் எதையும் நாடாமல், தம் நினைவில் தாமே மூழ்கி இருந்தவரைக் கண்ட மக்கள் முதலில் பித்தர் என்றே எண்ணினார்கள். மஸ்தான் என்னும் பாரசீகச் சொல் போதையுற்றவர் என்னும் பொருளுடையது. இறைக்காதலில் தம்மை மறந்தவர்களை அச்சொல்லால் குறிப்பார்கள். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. பெற்றோர் இட்ட சுல்தான் என்னும் பெயர் மறைந்து, ஊரார் இட்ட மஸ்தான் என்னும் பெயர் இன்றுவரை நிற்கிறது.

ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம் நம்மில் பலரை எவ்வளவு ஆட்டிப் படைக்கிறது! விருந்துக்குப் போகாவிட்டால் என்ன சொல்வார்களோ, சிரித்துப் பேசாவிட்டால் கர்வம் என்பார்களோ என்று நாம் நடுங்குகிறோம். குணங்குடியாரைப் பித்தர் என்றார்கள். அவர் மறுப்புச் சொல்லவும் இல்லை. அந்தப் பெயருக்காகத் தம்மை மாற்றிக்கொள்ளவும் இல்லை. காலம் சென்றது. அவரைப் பித்தர் என்று எண்ணிய மக்களே அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துப் பெருமக்களும் வந்தார்கள். தமிழில் பெரும் புலமை வாய்ந்த திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். மாற்று மதப் புலவர்கள் ஒரு முஸ்லிம் ஞானியைக் குருவாகக் கொண்டு போற்றியது தமிழகத்துக்கே உரிய சிறப்பாகும்.

தனிமையை நாடியவர் இவ்வளவு பேரை ஈர்த்தது எவ்வாறு? அவரிடம் கொடுக்கப் பொருள் இருந்தது. அதைக் கொடுக்கும் வழியும் அவருடைய இயல்புக்கு ஏற்றதாக இருந்தது. அன்னாரின் பெயரை நிலைநிறுத்தியது மேடைப் பேச்சன்று, பாடல்களே. முகியித்தீன் சதகம், அகத்தீசர் சதகம், நந்தீசர் சதகம், பராபரக்கண்ணி, ரகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி என்று அப்பாடல்கள் விரிகின்றன. கூட்டத்தில் வாய் திறக்கக் கூசுகின்ற ஒருவர், இரவின் தனிமையில் ரப்பிடம் பேசுவதுபோலப் பாடி வைத்தவற்றை, இன்று கூட்டம் கூட்டமாக மக்கள் பாடுகிறார்கள். பேச இயலாதவனுக்குக் கொடுக்கவும் எதுவுமில்லை என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது.

அப்பாடல்களில் சித்தர் மரபின் சொற்களும் குறியீடுகளும் கலந்திருப்பதால், மார்க்க அறிஞர்களில் சிலர் அவற்றை ஐயத்தோடு நோக்கியதுண்டு. குறியீட்டைக் குறியீடாக அறியாமல் நேர்ப்பொருள் கொள்பவன் வழுக்கி விழ இடமுண்டு என்னும் அவர்களின் எச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அப்பாடல்களை ஊன்றிக் கற்பவர் ஒன்றை மறுக்க முடியாது. பாடுகிறவர் தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ளவில்லை. தம் மனத்தின் அலைச்சலையும், தம் குறைகளையும், இறைவனை விட்டால் தமக்குக் கதியில்லை என்பதையும் ஒளிவுமறைவின்றி முறையிடுகிறார். உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கும் அந்நிலையையே நாம் இக்லாஸ் என்கிறோம். பிறர் பார்க்க ஒன்றும், பாராதபோது ஒன்றுமாக இருப்பது ரியா. ரியா மறுமையைக் கெடுப்பது மட்டுமன்று. ஓயாது வேடம் தாங்க வைத்து இம்மையிலேயே மனிதனைக் களைக்க வைக்கிறது. இக்லாஸ் உள்ளவனுக்குச் சுமக்க ஒரு முகமே உண்டு.

ஏறத்தாழ அரை நூற்றாண்டே வாழ்ந்து, 1838-இல், அதாவது ஹிஜ்ரி 1254-இல், அன்னார் மறைந்தார்கள். அவர்கள் தனித்திருந்த வடசென்னையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றழைத்தார்கள் என்றும், தொண்டியார் இருந்த பேட்டையே தண்டையார்பேட்டை என்றாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கூட்டத்தை விட்டு விலகியவரின் பெயரால், இன்று ஆயிரமாயிரம் மக்கள் நெருங்கி வாழும் ஒரு பகுதி வழங்குகிறது என்றால் இறைவனின் நாட்டத்தை என்னென்பது!

பெருமானாரின் வழியில் இதற்கு இடமென்ன?

வாசகர்களே, இவை வலிமார்களின் வாழ்வு, நமக்கு எட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சாமானியர்களாகிய நமக்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வே அளவுகோல். நுபுவ்வத்துக்கு முன் அவர்கள் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள், உணவு தீர்ந்ததும் இறங்கி அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் வந்தார்கள், மீண்டும் சென்றார்கள். ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு. மதீனாவில் ஒரு சமுதாயத்தின் சுமை முழுவதையும் தாங்கிய காலத்திலும், ரமளானின் இறுதிப் பத்தில் பள்ளிவாசலில் இஃதிகாப் இருப்பதை அவர்கள் வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். மக்களோடு கலந்து, அவர்கள் தரும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளும் முஃமினின் சிறப்பையும் அவர்களே கூறியிருக்கிறார்கள். ஆகவே தனிமை என்பது பாதையில் ஒரு தங்குமிடம். அங்கேயே குடியிருந்துவிட்டால் கடமைகள் பாழாகும்.

ஒருமுறை பெருமானார் (ஸல்) பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருக்கக் கண்டார்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் இரவுத் தொழுகையில் களைப்புற்றால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று அறிந்ததும், அதை அவிழ்த்துவிடுமாறு சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை நின்று தொழ வேண்டும், களைத்தால் அமர்ந்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். வணக்கத்திலேயே கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்றால், பிறர் மெச்சுவதற்காக நாம் கட்டி வைத்திருக்கும் கயிறுகளை என்னவென்று சொல்வது?

மற்றொன்றையும் கேளுங்கள். அபூபக்கர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் வந்தபோது பெருமானார் (ஸல்) இயல்பாகச் சாய்ந்தபடியே இருந்தார்கள். உதுமான் (ரலி) அவர்கள் வந்ததும் எழுந்தமர்ந்து ஆடையைச் சரிசெய்துகொண்டார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, உதுமான் நாணம் மிகுந்தவர், தாம் முன்னிருந்த நிலையிலேயே இருந்தால் அவர் தம் தேவையைச் சொல்லக் கூசுவார் என்னும் கருத்தைத் தெரிவித்தார்கள். அந்த நாணத்தை விட்டொழிக்குமாறு உதுமானிடம் அவர்கள் சொல்லவில்லை. கூச்சமுள்ள ஒருவர் மனம் திறந்து பேசும்படி, சபையின் தலைவரே தம் இருப்பை மாற்றிக்கொண்டார்கள். அந்த நாணமுடைய உதுமான் (ரலி) அவர்களே பின்னர் திருமறையின் பிரதிகளை நாடெங்கும் அனுப்பி வைத்த மூன்றாம் கலீபா ஆனார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே அமைதியான இயல்புடைய வாசகரே, உங்கள் இயல்பு ஒரு நோயன்று, அதற்காக வெட்கப்படாதீர்கள். ஐவேளைத் தொழுகைகளுக்குப் பின் சிறிது நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். இயலாத அழைப்பை இனிய சொல்லால் மறுக்கப் பழகுங்கள். ஒப்புக்கொண்ட பொறுப்பை இடையில் விட நேர்ந்தால் மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகுங்கள். ஜும்ஆவையும், ஜமாஅத் தொழுகையையும், நோயாளியைக் காண்பதையும், ஜனாஸாவில் கலந்துகொள்வதையும், உறவைப் பேணுவதையும் இயல்பின் பெயரால் விட்டுவிடாதீர்கள். அவை பிறருடைய ஹக்கு. அவற்றைக் குறைவாகப் பேசியும் நிறைவாகச் செய்யலாம். உள்ளம் வறண்டு ஊணும் உறக்கமும் கெட்டு நாட்கள் நீடித்தால், அதை மறைத்துக்கொண்டிராமல் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இமாம் கஸ்ஸாலியே வைத்தியரிடம் நாடி காட்டியிருக்கிறார்கள்.

பெற்றோரே, மாமியாரே, ஜமாஅத் பெரியோரே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வாய் பேசாத பிள்ளையை விருந்தினர் முன் நிறுத்திக் கேலி செய்யாதீர்கள். புதிதாக வந்த மருமகள் அறைக்குள் சற்று நேரம் இருந்தால் அதைக் கர்வம் என்று பெயரிடாதீர்கள். அயல்நாட்டில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு விடுமுறையில் ஊர் வந்த மகனை, வந்த அன்றே வீடு வீடாக அழைத்துச் செல்லாதீர்கள், ஊற்று ஊறட்டும். பள்ளிவாசல் இமாமும் மனிதரே என்பதை நினைத்து, அவருக்கும் ஓய்வு கொடுங்கள்.

குணங்குடியிலிருந்து வந்த அந்த இளைஞரைப் பித்தர் என்று இராயபுரத்து மக்கள் துரத்தியிருந்தால், தமிழ் கூறும் நல்லுலகம் எத்தனை பாடல்களை இழந்திருக்கும்! உங்கள் வீட்டு மூலையில் மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளத்தில் அல்லாஹ் எதை வைத்திருக்கிறான் என்பதை நாம் அறியோம். அது வெளிப்படும் வரை பொறுத்திருப்பது நம் கடமை.

நம் ஒவ்வொருவருக்கும் அவரவர் இயல்பில் இக்லாஸையும், உழைப்பில் அளவையும், ஓய்வில் அவனுடைய நினைவையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.